உம்ரா, வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம்: குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்களில் பாஸ்போர்ட், விசா, இஹ்ராம் துணி என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்துவிடுகிறோம். போனுக்கு நெட் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விமான நிலையத்தில்தான் எழுகிறது. குழுவில் ஒருவர் "அங்கே போய் சிம் வாங்கிக்கொள்ளலாம்" என்பார். இன்னொருவர் "ரோமிங் போட்டுவிடு" என்பார். வீட்டில் படிக்கிற பிள்ளை "இ-சிம் போட்டால் போதும்" என்று சொல்லும். மூன்றும் சரிதான். யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இன்றைய பயணத்தில் நெட் வீண் ஆடம்பரம் அல்ல. மதீனாவில் ரவ்ளாவுக்குச் செல்ல நுசுக் ஆப் வழியாக நேரம் பதிவு செய்ய வேண்டும். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஓடும் ஹரமைன் அதிவேக ரயிலின் டிக்கெட் பெரும்பாலும் போனில்தான் இருக்கிறது. வாடகைக் கார், ஹோட்டல் பதிவு, குழுத் தலைவரின் அறிவிப்பு எல்லாம் போனுக்கே வருகின்றன. எல்லாவற்றையும்விட, தவாஃப் முடிந்து கூட்டத்தில் உம்மா ஒரு வாசலிலும் நாம் வேறு வாசலிலும் வெளியே வந்துவிட்டால், அவரைத் தேடிப் பிடிக்க உதவுவது அந்தப் போன்தான். ஆகவே இதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது முடிவு செய்துகொள்வது நல்லது.

இ-சிம் என்றால் என்ன?

நாம் வழக்கமாகப் போடும் சிம் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு. அதிலுள்ள சிப்பில் நம் எண்ணுக்கும் நெட்வொர்க்குக்கும் உரிய தகவல்கள் இருக்கும். இ-சிம்மில் அந்தச் சிப் போனுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கடைக்காரர் தரும் துண்டுக்குப் பதிலாக, நெட்வொர்க்கின் தகவல்கள் இணையம் வழியாக அந்தச் சிப்பில் இறங்குகின்றன. ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும்.

இதற்கான பொது விதிமுறைகளை உலக மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2016-ல் வெளியிட்டது. 2017-ல் கூகுள் பிக்சல் 2 போனிலும், 2018-ல் ஐஃபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலும் இது வந்தது. இன்று ஒரே போனில் பல இ-சிம்களைச் சேமித்து வைக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் வேலை செய்வது பொதுவாக இரண்டு இணைப்புகள் மட்டுமே. ஊர் சிம் ஒன்று, பயண இ-சிம் ஒன்று என்று வைத்துக்கொள்ள இது போதுமானது.

வெளிநாட்டில் நெட் பெற நான்கு வழிகள்

1. ஊர் சிம்மில் ரோமிங் பேக். ஜியோ, ஏர்டெல், வி ஆகிய நிறுவனங்கள் சவூதி உள்ளிட்ட நாடுகளுக்குத் தனி ரோமிங் பேக் தருகின்றன. சிம் மாற்ற வேண்டாம், அதே எண்ணில் பேசலாம், ஓடிபி தடையின்றி வரும். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு மற்ற வழிகளைவிடப் பொதுவாக அதிகம். நான்கைந்து நாள் பயணத்துக்கும், தொழில்நுட்பம் பழகாத பெரியவர்களுக்கும் இது எளிது.

2. போகும் நாட்டின் உள்ளூர் சிம். சவூதியில் எஸ்டிசி, மொபைலி, ஜைன் ஆகியவை பெரிய நிறுவனங்கள். விமான நிலையத்திலேயே இவற்றின் கவுண்டர்கள் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி, கைரேகை வைத்துத்தான் சிம் வாங்க முடியும். சிம் விற்பனைக்குக் கைரேகைப் பதிவு 2016 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர் எண் கிடைக்கும், டேட்டாவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

3. பயண இ-சிம். ஊரில் இருக்கும்போதே வாங்கி, போனில் ஏற்றிவிடலாம். விமானம் இறங்கிய சில நிமிடங்களில் நெட் வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே. பேசுவதற்கு என்று தனி எண் இருக்காது.

4. வைஃபை மட்டும். ஹோட்டல் அறையில் இருக்கும்போது சமாளிக்கலாம். வெளியே வந்ததும் தொடர்பு அறுந்துவிடும். கூட்டம் மிகுந்த இடத்துக்குப் போகும் குடும்பம் இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

பத்துப் பதினைந்து நாள் உம்ரா செல்லும் குடும்பத்துக்கு நடைமுறையில் ஒரு கலப்பு முறை நன்றாக அமையும். இளையவர்களின் போனில் பயண இ-சிம், பெரியவர்களின் போனில் உள்ளூர் சிம் அல்லது ரோமிங், எல்லாருடைய ஊர் சிம்மும் எஸ்எம்எஸ் வருவதற்காக உயிரோடு இருக்க வேண்டும். அதற்கான காரணங்களைக் கீழே பார்ப்போம்.

உங்கள் போன் இ-சிம்மை ஏற்குமா?

போனில் டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு "இஐடி" என்ற 32 இலக்க எண்ணும் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம்மை ஏற்கும். அது தெரியவில்லையென்றால் பெரும்பாலும் ஏற்காது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் சென்று "ஆட் இ-சிம்" என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். சாம்சங்கில் இது "கனெக்ஷன்ஸ்", பிறகு "சிம் மேனேஜர்" என்ற இடத்தில் இருக்கும்.

ஒரே மாடல் பெயர் இருந்தாலும், எந்த நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து வசதி மாறும். சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்காக வந்த பல ஐஃபோன்களில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம், ஆனால் இ-சிம் கிடையாது. விலை குறைவான பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி இல்லை. எனவே மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல், கையிலிருக்கும் போனிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, போன் "லாக்" ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் தவணையில் வாங்கிய போன்கள் ஒரே நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் வேறு இ-சிம் ஏறாது. ஐஃபோனில் "ஜெனரல்", "அபவுட்" பகுதியில் "கேரியர் லாக்" என்ற வரிக்கு எதிரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருந்தால் கவலையில்லை.

வளைகுடாவிலிருந்து வரும் புதிய ஐஃபோன்கள்

சவூதி, துபாய், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது வாப்பாவுக்கோ தம்பிக்கோ ஐஃபோன் வாங்கி வருவது வழக்கம். 2025-ல் வந்த ஐஃபோன் 17 வரிசையில், இந்த ஆறு வளைகுடா நாடுகளில் விற்கப்படும் போன்களில் பிளாஸ்டிக் சிம் போடும் இடமே இல்லை. இ-சிம் மட்டும்தான். அமெரிக்காவில் விற்ற ஐஃபோன்களில் 2022-ல் வந்த 14 வரிசையிலிருந்தே இப்படித்தான். ஐஃபோன் ஏர் மாடல் எந்த நாட்டில் வாங்கினாலும் இ-சிம் மட்டுமே ஏற்கும்.

ஆகவே அங்கிருந்து போன் வாங்கி வருமுன், ஊரில் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் சிம்மை இ-சிம்மாக மாற்ற அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். அந்தப் போனை வைத்திருப்பவர் பிறகு உம்ராவுக்குப் போகும்போது, விமான நிலையக் கவுண்டரில் பிளாஸ்டிக் சிம் வாங்கினாலும் போட இடம் இருக்காது. அங்கேயும் இ-சிம்மாகவே கேட்டு வாங்க வேண்டும்.

ஊர் சிம்மை இ-சிம்மாக மாற்றலாமா?

பயண இ-சிம் போடுவதற்கு ஊர் சிம்மை மாற்றத் தேவையே இல்லை. பிளாஸ்டிக் சிம் அது இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பயண இ-சிம் இரண்டாவது இணைப்பாகச் சேரும். இப்படி வைத்துக்கொள்வதில் ஒரு நன்மையும் உண்டு. வெளிநாட்டில் போன் உடைந்துவிட்டால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி இன்னொருவர் போனில் போட்டு ஓடிபி பெறலாம். ஊர் எண் இ-சிம்மாக இருந்தால் அப்படிச் செய்ய முடியாது. நிறுவனத்தைத் தொடர்புகொண்டு மீண்டும் பெற வேண்டும், அதை வெளிநாட்டிலிருந்து செய்வது கடினம். மறுபக்கம், போன் திருடு போனால் திருடன் இ-சிம்மை உடனே கழற்றி எறிய முடியாது என்பது அதன் பலம்.

வேறு காரணத்துக்காக ஊர் எண்ணை இ-சிம்மாக மாற்றத்தான் வேண்டும் என்றால், புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். இந்தியாவில் சிம் மாற்றினால், மோசடியைத் தடுப்பதற்காக, அந்த எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் ஓடிபி எதுவும் வராது. ஹோட்டலுக்கோ டிக்கெட்டுக்கோ பணம் கட்ட வேண்டிய நேரத்தில் இது பெரிய சங்கடமாகிவிடும்.

எங்கே வாங்குவது?

வெளிநாட்டு சிம், இ-சிம்களை இந்தியாவில் விற்க மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃபிளை என்ற இரண்டு பிரபல இ-சிம் ஆப்கள், அந்தத் துறை கேட்டுக்கொண்டதன்பேரில் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. எனவே யூடியூப் விளம்பரத்தைப் பார்த்தோ, வாட்ஸ்அப் குழுவில் வந்த லிங்கை அழுத்தியோ வாங்க வேண்டாம்.

ஊரில் வாங்குவதென்றால் அனுமதி பெற்ற விற்பனையாளரா என்று கேளுங்கள். பாஸ்போர்ட் நகல், பயண விவரம் கேட்டு, முறையான ரசீது தருபவரிடமே வாங்குங்கள். உம்ரா சர்வீஸ் நடத்துபவர் "நாங்களே இ-சிம் தருகிறோம்" என்றால், எந்த நிறுவனத்தின் இ-சிம், எத்தனை ஜிபி, எத்தனை நாள், வேலை செய்யாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பேக்கேஜில் "இலவச சிம்" என்று சொல்லப்படுவதில் டேட்டா எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

பேக்கைத் தேர்ந்தெடுக்கும்முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எந்தெந்த நாடுகளில் வேலை செய்யும்? திருச்சி, சென்னையிலிருந்து கொழும்பு, மஸ்கட், ஷார்ஜா வழியாக விமானம் மாறிச் செல்பவர்கள் பலர். சவூதிக்கு மட்டுமான பேக் இடைநிலையத்தில் வேலை செய்யாது. அங்கே இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால் விமான நிலைய வைஃபை போதும். ஓரிரு நாள் தங்குவதென்றால் பல நாடுகளுக்கான பேக் வேண்டும்.

2. நாள் கணக்கு எப்போது தொடங்கும்? சில பேக்குகளில் வாங்கிய நாளிலிருந்து, சிலவற்றில் போனில் ஏற்றியதிலிருந்து, சிலவற்றில் அந்நாட்டு நெட்வொர்க்கில் முதன்முதலாகச் சேர்ந்ததிலிருந்து நாள் ஓடத் தொடங்கும். மூன்றாவது வகையே நமக்கு வசதி.

3. "அன்லிமிடெட்" என்றால் உண்மையில் எவ்வளவு? பல அன்லிமிடெட் பேக்குகளில் ஒரு நாளுக்கு இத்தனை ஜிபி வரைதான் முழு வேகம் இருக்கும். அதன் பிறகு வேகம் மிகவும் குறைந்துவிடும். அந்த அளவு எவ்வளவு என்று பாருங்கள்.

4. ஹாட்ஸ்பாட் போட அனுமதி உண்டா? சில பேக்குகளில் கிடையாது.

5. தீர்ந்துவிட்டால் அதே இ-சிம்மில் டாப்-அப் செய்ய முடியுமா, அல்லது புதிதாக வாங்க வேண்டுமா?

6. அந்நாட்டில் எந்த நெட்வொர்க்கில் சேரும்? ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க்கில் சேரக்கூடியது என்றால், ஓர் இடத்தில் சிக்னல் குறைந்தாலும் மற்றொன்று கை கொடுக்கும்.

எவ்வளவு டேட்டா தேவை?

மற்றவர்கள் சொல்லும் கணக்கைவிட உங்கள் போன் சொல்லும் கணக்கே சரியானது. போன் செட்டிங்ஸில் "டேட்டா யூசேஜ்" பகுதியைத் திறந்தால் சென்ற மாதம் எத்தனை ஜிபி செலவானது என்று தெரியும். ஐஃபோனில் அந்தக் கணக்கு தானாக மாதாமாதம் புதிதாகாது. நீங்களே ரீசெட் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 400 எம்பி செலவாகிறதென்றால் 15 நாளுக்கு 6 ஜிபி ஆகும். வீட்டில் வைஃபை பயன்படுத்துபவர்கள், அந்தச் செலவு இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெசேஜ், வாய்ஸ் நோட், மேப் இவற்றுக்கு டேட்டா அதிகம் ஆகாது. வாய்ஸ் காலும் பரவாயில்லை. வீடியோ கால், ரீல்ஸ், யூடியூப்தான் டேட்டாவைக் குடித்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாமல் செலவாகும் மூன்றையும் புறப்படுமுன் நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். போட்டோ பேக்கப் வைஃபையில் மட்டும் நடக்கும்படி வையுங்கள். ஆப் அப்டேட்டும் வைஃபையில் மட்டும் நடக்கட்டும். தவாஃபின்போது ஊருக்கு வீடியோ கால் போடும் பழக்கத்தைக் குறைத்தால் டேட்டாவும் மிஞ்சும், இபாதத்தில் கவனமும் சிதறாது.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

இ-சிம்மைப் போனில் ஏற்ற நெட் வேண்டும். ஆகவே விமான நிலையத்துக்குத் தள்ளிப்போடாமல், வீட்டு வைஃபையிலேயே செய்துவிடுங்கள்.

- க்யூஆர் கோடு அதே போனுக்கு வந்திருந்தால் அந்தப் போனின் கேமராவால் அதைப் பிடிக்க முடியாது. வேறொரு போனுக்கு அனுப்பி அங்கே திறந்து ஸ்கேன் செய்யுங்கள், அல்லது காகிதத்தில் அச்செடுங்கள். புதிய மென்பொருள் உள்ள ஐஃபோனில் கோடின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே ஏற்றும் வழி வரும். இரண்டும் முடியாவிட்டால், விற்பவர் தரும் முகவரியையும் ஆக்டிவேஷன் கோடையும் கையால் தட்டி ஏற்றலாம்.
- க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். ஒரே கோடை இரண்டு போனில் ஏற்ற முடியாது.
- ஏற்றியதும் அதற்கு "உம்ரா" என்றோ "சவூதி" என்றோ பெயர் வையுங்கள். எது ஊர் சிம், எது பயண சிம் என்ற குழப்பம் வராது.
- ஏற்றிய பிறகு "நோ சர்வீஸ்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஊரில் அப்படித்தான் காட்டும். வேலை செய்யவில்லை என்று நினைத்து அழித்துவிட்டால் மீண்டும் ஏற்ற முடியாமல் போகலாம்.
- ஊர் சிம்மின் ரீசார்ஜ் நீங்கள் திரும்பி வரும் நாளைத் தாண்டி இருக்கும்படி செய்யுங்கள். சர்வதேச ரோமிங் வசதி திறந்திருக்கிறதா, அதற்கு ஏதேனும் ரீசார்ஜ் தேவையா என்று உங்கள் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் கேளுங்கள்.
- நுசுக் போன்ற ஆப்களை ஊரிலேயே இறக்கி, பதிவை முடித்து, ஓடிபி பெற்று வைத்துவிடுங்கள்.
- ஹோட்டல் இருக்கும் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். ஹோட்டல் பெயர், முகவரி உள்ள அட்டையைப் போட்டோ எடுத்து அனைவர் போனிலும் வையுங்கள்.

விமானத்திலும் இறங்கிய பிறகும்

விமானத்தில் ஏறியதும் ஃபிளைட் மோடு போட்டுவிடுங்கள். சில விமானங்களுக்குள்ளேயே தனி மொபைல் நெட்வொர்க் இருக்கும். ஃபிளைட் மோடு இல்லாவிட்டால் ஊர் சிம் அதில் சேர்ந்து, கட்டணம் எகிறிவிடும். தரை ரோமிங் பேக்கில் இது பெரும்பாலும் சேராது.

இறங்கியதும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு, இ-சிம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.
2. மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள்.
3. இ-சிம்மில் "டேட்டா ரோமிங்" ஆன் செய்யுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். ரோமிங் என்றாலே காசு போகும் என்று பயந்து நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்துடையது, சவூதி நெட்வொர்க்கில் அது விருந்தாளியாகத்தான் சேர்கிறது. ரோமிங் ஆன் செய்யாவிட்டால் நெட் வராது. பேக்குக்கு மேல் கட்டணமும் வராது, ஏனென்றால் முன்பே பணம் கட்டியாயிற்று.
4. ஊர் சிம்மில் "டேட்டா ரோமிங்" ஆஃப் செய்யுங்கள்.
5. ஐஃபோனில் "அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்" என்பதை ஆஃப் செய்யுங்கள். அது ஆன் ஆக இருந்தால், இ-சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாகவே ஊர் சிம்முக்கு மாறிவிடும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே வசதி வேறு பெயரில் இருக்கிறது.

நெட் வரவில்லை என்றால்

முதலில் ஒரு நிமிடம் ஃபிளைட் மோடு போட்டு எடுங்கள். வரவில்லையென்றால் போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு டேட்டா ரோமிங்கை மீண்டும் சரிபாருங்கள். அடுத்து, நெட்வொர்க் தேர்வை "ஆட்டோமேட்டிக்" என்பதிலிருந்து எடுத்து, விற்பவர் குறிப்பிட்ட நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். கடைசியாக, ஏபிஎன் என்ற இடத்தில் விற்பவர் தந்த பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று பெரும்பாலும் சரிசெய்துவிடும். எதுவும் பலிக்காவிட்டால் விமான நிலைய வைஃபையில் இணைந்து விற்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். இ-சிம்மை மட்டும் அழிக்காதீர்கள்.

ஓடிபி, வாட்ஸ்அப், பேங்க் ஆப்

ஊர் சிம் போனில் ஆன் ஆக இருந்து, ரோமிங் வசதியும் திறந்திருந்தால் பேங்க் ஓடிபி வரும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் பேக் இல்லாமல் ஊர் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் பணம் போகும். எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திரும்ப அழையுங்கள். புறப்படுமுன் உறவினர்களிடமும் "வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைப்பது நல்லது.

வாட்ஸ்அப் உங்கள் பழைய எண்ணிலேயே ஓடும். எந்த சிம்மின் நெட்டில் ஓடுகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. "புதிய சிம் இருக்கிறது, எண்ணை மாற்றவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பயண இ-சிம்மின் இணையப் போக்குவரத்து பல நேரம் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகப் போய் வரும். அதனால் சில பேங்க் ஆப்கள் "வேறு நாட்டிலிருந்து உள்நுழைவு" என்று எச்சரிக்கலாம் அல்லது திறக்காமல் போகலாம். பயணம் செல்வதை வங்கிக்கு முன்பே தெரிவிப்பதும், கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைப்பதும் உதவும்.

துபாய், ஷார்ஜா உள்ளிட்ட அமீரகத்தில் உள்ளூர் இணைப்புகளில் வாட்ஸ்அப் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், வாய்ஸ் காலும் வீடியோ காலும் போகாது. அங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள். விருந்தாளியாகப் போகும் நாட்டின் சட்டத்தை மீறும் குறுக்குவழிகளை யாராவது சொல்லிக் கொடுத்தால் தவிர்த்துவிடுங்கள்.

குடும்பமாகப் போகும்போது

ஒருவர் போனில் பெரிய பேக் போட்டு, மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் செலவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹோட்டல் அறையிலும் பஸ்ஸிலும் அது சரிதான். ஆனால் கூட்டத்தில் ஒருவர் பிரிந்துபோகும் அந்த நொடியில் அவருடைய போனில் நெட் நின்றுவிடும். நெட் மிகவும் தேவைப்படுகிறவரிடம்தான் அது இருக்காது. எனவே தனியாகப் போய் வரக்கூடிய ஒவ்வொருவர் போனிலும், சிறிய பேக்காக இருந்தாலும், தனி இணைப்பு இருக்கட்டும்.

உம்மா, வாப்பா, நன்னி போன்ற பெரியவர்களுக்கு இ-சிம் அவசியமில்லை. அவர்கள் பழகிய போனில் உள்ளூர் சிம் போட்டுக் கொடுத்தால், நெட் ஆன் ஆகாவிட்டாலும் நேரடியாகக் கூப்பிடலாம். குழுவில் குறைந்தது இருவரிடமாவது பேசக்கூடிய உள்ளூர் எண் இருந்தால், ஹோட்டலுக்கோ டிரைவருக்கோ பேசுவதும் எளிது. அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெரியவர்களின் பையிலோ கழுத்து அட்டையிலோ வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் காகிதம்தான் பேசும். ஹரமில் எந்த வாசல் எண்ணில் சந்திப்பது என்பதையும் உள்ளே போகுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொழுகை முடிந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போனை எடுக்கும்போது எந்த நெட்வொர்க்கும் திணறும். ஹஜ்ஜின்போது மினாவிலும் அரஃபாவிலும் சொல்லவே வேண்டாம். அப்போது வீடியோ கால் போகாவிட்டாலும் எழுத்து மெசேஜ் பெரும்பாலும் போய்ச் சேரும். இருக்கும் இடத்தை லொகேஷனாக அனுப்பிவிட்டு, அங்கேயே நில்லுங்கள். இருவரும் தேடி நடந்தால் சந்திப்பது கடினம்.

சவூதியில் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் ரெட் கிரசென்டின் 997-ஐ அழைக்கலாம். மக்கா பகுதியில் அவசர உதவிக்கு 911 இயங்குகிறது.

மோசடியில் சிக்காமல் இருக்க

"கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று வரும் அழைப்புகள் மோசடி. நீங்கள் சொன்னதும் உங்கள் எண் அவர்கள் போனில் ஏறிவிடும், உங்கள் போனில் சிக்னல் போய்விடும், பேங்க் ஓடிபி எல்லாம் அவர்களுக்கே போகும். எந்த நிறுவனமும் இப்படி அழைத்து ஓடிபி கேட்பதில்லை.

காரணமில்லாமல் ஊர் சிம்மில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய்விட்டால் அலட்சியம் வேண்டாம். வேறு போனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள். இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான எண் 1930. நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் ஊரிலுள்ள உறவினர் மூலமாகவும் புகார் செய்யலாம். இ-சிம் க்யூஆர் கோடையும் குழுக்களில் பகிராதீர்கள். முதலில் ஸ்கேன் செய்பவருக்கே அது சொந்தமாகிவிடும்.

ஊர் திரும்பியதும்

மொபைல் டேட்டாவை மீண்டும் ஊர் சிம்முக்கு மாற்றுங்கள். "டேட்டா ரோமிங்" ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பயண இ-சிம்மில் டாப்-அப் வசதி இருந்து, அடுத்த சில மாதங்களில் மீண்டும் போவதாக இருந்தால் ஆஃப் செய்து வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அழித்துவிடலாம். அழிக்கும்போது பெயரைப் படித்து, ஊர் எண்ணை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லார் போனையும் சரிபார்த்துக் கொடுத்தால், அங்கே பல மணி நேர அலைச்சல் மிச்சமாகும். இன்ஷா அல்லாஹ், பயணம் போகும் ஒவ்வொரு குடும்பமும் போன கவலை தெரியாமல் இபாதத்தில் மனம் ஊன்றி, நலமாக ஊர் திரும்பட்டும்.